முதலில் மண்டகப்படி, பிறகு வண்டி

*சக்கரத்தின் மேல் ஒரு வீடு: கேரவனா, கேம்பர் வேனா, இழுவை வண்டியா? மதுரைக் குடும்பத்துக்கு எது பொருந்தும்?*

கோரிப்பாளையம் தேவர் சிலை சந்திப்பில் பத்து நிமிடம் நின்றால் சக்கரம் உள்ள எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பெரியாஸ்பத்திரிக்கு விரையும் ஆம்புலன்ஸ், ஏ.வி. பாலத்தில் ஏறும் ஷேர் ஆட்டோ, தர்காவுக்கு வந்தவர்களை இறக்கிவிடும் மினி பஸ், கொடைக்கானலுக்குக் கிளம்பிய சுற்றுலா வேன். இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு கேரவன் வந்து சிக்னலில் நிற்கும். உடனே டீக்கடையில் ஒரு குரல் எழும்: “எந்த நடிகருப்பா?”

நமக்குக் கேரவன் என்ற சொல் சினிமா வழியாகத்தான் வந்தது. படப்பிடிப்பில் நடிகர் ஓய்வெடுக்கும் குளுகுளு வண்டி, தேர்தல் வந்தால் தலைவர் சுற்றிவரும் பிரச்சார வேன் என்று அது எப்போதும் இன்னொருவருடைய வண்டியாகவே இருந்தது. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதி, கோடை விடுமுறைக்குக் காத்திருக்கும் குடும்பம், பைக்கில் ஊர் சுற்றி அலுத்த இளைஞர்கள் என்று சாதாரண மனிதர்கள் “நாமும் ஒன்று வாங்கலாமா?” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்டதும் அவர்கள் பார்ப்பது வண்டியின் படங்களைத்தான். எத்தனை கட்டில், என்ன சோபா, டிவி இருக்கிறதா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

ஆற்று மணலில் ஒரு கூண்டு வண்டி

என் பாட்டிக்கு மேலூர்ப் பக்கம். சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டி வந்த கதையைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஜமுக்காளம். பின்னால் அரிசி மூட்டை, புளிப்பானை, சட்டிகள். வண்டிக்கு அடியில் தொங்கும் சாக்கில் மாட்டுக்குத் தீவனம். வைகை மணலில் வண்டியை அவிழ்த்துப் போட்டு, மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்துச் சோறு பொங்கியிருக்கிறார்கள். குழந்தைகள் வண்டிக்குள்ளும் பெரியவர்கள் வண்டிக்கு அடியிலும் படுத்துக்கொள்வார்களாம்.

பாட்டியின் கதையில் வண்டியைப் பற்றி அதிகம் இருக்காது. எங்கே அவிழ்த்தார்கள், ஊற்று எவ்வளவு ஆழத்தில் சுரந்தது, நிழல் எந்தப் பக்கம் விழுந்தது, பக்கத்து வண்டிக்காரர்கள் எந்த ஊர் என்பதுதான் கதை.

அந்தத் திருவிழாவுக்கு வரும் கள்ளழகரின் பயணமும் அப்படித்தான். அழகர்மலையிலிருந்து கள்ளர் திருக்கோலத்தில் புறப்பட்டு, உண்டியல் வண்டிகள் கூடவர, சுமார் 20 கிலோமீட்டர் வந்து வைகையில் இறங்குகிறார். போக வர அவர் நின்று செல்லும் மண்டகப்படிகள் நானூறுக்கும் மேல். ஒவ்வொன்றிலும் பந்தல், தண்ணீர், காத்திருக்கும் மக்கள். தல்லாகுளத்தில் எதிர்சேவை, இரவுத் தங்கல், குதிரை வாகனம். எங்கே நிற்பது என்று முடிவான பிறகுதான் பல்லக்கு கிளம்புகிறது. சக்கர வீடு வாங்க நினைப்பவர்களுக்கு மதுரை பல நூறு வருடமாகச் சொல்லித்தரும் பாடம் இது. வண்டி ஓடுவது பகலில் சில மணி நேரம். வீடாக இருப்பது நின்ற பிறகு. ஆகவே இரவில் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த வண்டி என்பது அதிலிருந்து தானாகத் தெரியும்.

ஐந்து வகை வீடுகள்

ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் குதிரை இழுத்த வண்டி. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவருக்காக 1885-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செய்யப்பட்டது. அங்கிருந்து கிளைத்து இன்று அமெரிக்காவில் பஸ் அளவுக்கு ‘ஏ’, வேன் அளவுக்கு ‘பி’, லாரி முகப்புக்கு மேல் கட்டில் நீட்டியதற்கு ‘சி’ என்று வகுப்புப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பிரிவினை, மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்த் தொட்டியும் உள்ள முகாம்கள் வழிநெடுக இருக்கும் நாட்டுக்கானது. நம் சாலைக்கு வேறு விதமாகப் பிரித்துப் பார்ப்பதே பயன்படும்.

வேனை வீடாக்குவது: பஜாஜ் டெம்போ நிறுவனம் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆகிவிட்டது. ஆனாலும் அதன் டிராவலர் நம் ஊரில் இன்றும் ‘டெம்போ டிராவலர்’தான். உசிலம்பட்டியில் நின்றாலும் மானாமதுரையில் நின்றாலும் அதைத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். சந்தில் திரும்பும், ஹோட்டல் வாசலில் நிறுத்தலாம். இரண்டு முதல் நான்கு பேர் படுக்கலாம். குறை, குளியலறைக்கு இடம் பிடித்தால் உட்காரும் இடம் போய்விடும். இதைவிடச் சிறியது மாருதி ஈகோ. 1984-ல் வந்த மாருதி வேன் ஆம்னியாகி 2019-ல் நின்றுபோனது. அந்த இடத்தை நிரப்புவது இந்த ஈகோதான். இரண்டு பேருக்கு மெத்தை, ஒரு சின்ன அலமாரி, அவ்வளவே. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது.

சேஸிஸ் மேல் கட்டும் மோட்டார்ஹோம்: பஸ் அல்லது லாரி சேஸிஸ் வாங்கி அதன் மேல் பாடி கட்டுவது. இதற்கு நாம் வடநாடு போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கும் கரூர், பஸ் பாடி கட்டுவதில் நாடறிந்த ஊர். தனிக் கழிப்பறை, சமையலிடம், ஆறு பேருக்குப் படுக்கை எல்லாம் கிடைக்கும். கூட்டுக் குடும்பத்துக்கும், அடிக்கடி கழிப்பறை தேவைப்படும் முதியவர்களுக்கும் இதுதான் வசதி. நீளமும் எடையும் கூடக்கூட, போக முடிந்த ஊர்கள் குறையும்.

பிக்கப் மேல் கூடு: சென்னை ஐஐடியில் வளர்த்தெடுக்கப்பட்ட கேம்பர்வேன் ஃபேக்டரி என்ற நிறுவனத்துடன் சேர்ந்து பொலிரோ கேம்பர் கோல்டு பிக்கப்பைச் சக்கர வீடாக்குவதாக மஹிந்திரா நிறுவனம் 2022-ல் அறிவித்தது. நான்கு பேர் படுக்க, நான்கு பேர் சாப்பிட, குளியலறையோடு. நாட்டுப்புறச் சாலைக்குப் பழகிய சேஸிஸ் என்பது இவ்வகையின் பலம்.

இழுவை வீடு: கார் பின்னால் கோத்து இழுக்கும் டிரெய்லர். முகாமில் கழற்றி வைத்துவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம் என்பது பெரிய வசதி. எஞ்சின் இல்லாததால் பராமரிப்பும் குறைவு. ஆனால் ரிவர்ஸ் எடுப்பது தனிக் கலை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் எதிர்ப்பக்கம் போகும். இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும். 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்கோ, 40 வளைவுள்ள வால்பாறைக்கோ இதை இழுத்துப் போக நினைக்காதீர்கள். ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் இருக்கவும் கூடாது.

கூரைக் கூடாரம்: ஜீப், எஸ்.யூ.வி. கூரையில் மடித்து வைத்து, நின்ற இடத்தில் ஏணி வைத்து விரிப்பது. செலவு மிகக் குறைவு, வழக்கமான வண்டி வழக்கமான வண்டியாகவே இருக்கும். ஆனால் கழிப்பறை கிடையாது, முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற முடியாது. நல்ல மழை பெய்தால் தூக்கம் போகும்.

மதுரை வெயிலும் பேட்டரிக் கணக்கும்

பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கேரவன் வாங்குபவர் குளிரை நினைத்து வாங்குகிறார். நமக்குப் பகை வெயில். சித்திரை, வைகாசியில் மதுரையில் 40 டிகிரியைத் தாண்டும். பகல் முழுக்கக் காய்ந்த தகர உடம்பு நள்ளிரவு வரை அனல் கக்கும். அதனால் “ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடுமா?” என்பதே நம் நாட்டில் வகையைத் தீர்மானிக்கும் கேள்வி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கேம்பர் வேனில் வைக்கும் 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய 2.4 யூனிட் மின்சாரம் இருக்கும். ஒரு டன் ஏ.சி. கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். விட்டுவிட்டு ஓடினாலும் எட்டு மணி நேர இரவுக்கு நான்கு, ஐந்து யூனிட் வேண்டும். கூரையில் 400 வாட் சோலார் தகடு போட்டால் நல்ல வெயில் நாளில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் கிடைக்கும். ஆக, சோலாரும் பேட்டரியும் மின்விசிறி, விளக்கு, சிறிய ஃபிரிட்ஜ், செல்போன் வரைக்கும் தாராளம். ஏ.சி. வேண்டுமென்றால் நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் வேண்டும், இல்லையேல் பெரிய பேட்டரி அடுக்கு வேண்டும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் ஊரும் தெளிவாகும். சமவெளியில், கடற்கரையில் தங்குபவர்கள் மின் இணைப்பு தரும் விடுதி வளாகத்தைத் தேட வேண்டும். 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் தங்கினால் ஏ.சி.யே வேண்டாம், சின்ன வேன் போதும்.

நின்ற இடத்தில் வந்த சாவு

மதுரை மறக்கக் கூடாத ஒரு விடியல் உண்டு. 2023 ஆகஸ்ட் 26. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனிப் பெட்டி, புனலூர் ரயிலிலிருந்து கழற்றப்பட்டு மதுரை ரயில்வே யார்டில் நின்றுகொண்டிருந்தது. காலை 5.15 மணியளவில் தீப்பிடித்தது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரே காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. தூர தேசத்திலிருந்து புண்ணியம் தேடி வந்தவர்கள், விடிந்ததும் ஒரு வாய் சூடாகக் குடிக்க நினைத்த நேரம்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு ஊழியர்கள் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடு அவர்களைக் கொன்றது என்று ஆய்வில் தெரியவந்தது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

இரண்டு இடத்திலும் வண்டி ஓடவில்லை, நின்றிருந்தது. அதனால்தான் இரவை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், மூடிய வண்டிக்குள் போக்கிடம் இல்லை. ஆகவே சமையலை வண்டிக்கு வெளியே, திறந்த வெளியில் வைத்துக்கொள்ளும்படி அமைந்த வண்டியே நமக்கு நல்லது. பின்கதவைத் திறந்தால் வெளியே இழுபடும் சமையல் மேடை இதற்கு ஏற்றது. பிளக் கிடைக்கும் இடத்தில் இண்டக்‌ஷன் அடுப்பு. எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உள்ளே தூங்குவது எந்த நாளும் கூடாது. புகை உணரும் கருவி, கார்பன் மோனாக்சைடு உணரும் கருவி, கேஸ் கசிவு காட்டும் கருவி, தீயணைப்பான், உள்ளிருந்து திறக்கும் இரண்டாவது வழி. இந்த ஐந்தும் இல்லாத வண்டியில் எவ்வளவு அழகான சோபா இருந்தாலும் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

சாலை சொல்லும் அளவு

கோரிப்பாளையத்திலிருந்து சமயநல்லூர், வாடிப்பட்டி வழியாகத் திண்டுக்கல் நோக்கிப் போகும்போது எந்த வண்டியும் சுகமாகத்தான் ஓடும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது அளவு பேச ஆரம்பிக்கும். 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்களுக்குக் கொடைக்கானல் மலைச்சாலையில் 2024 நவம்பரில் தடை வந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் தேவை. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. கிழக்கே ராமேசுவரம் சுமார் 170 கிலோமீட்டர். சாலை நேராக இருக்கிறது, வண்டி பெரிதாக இருந்தாலும் சிரமமில்லை. ஆனால் தனுஷ்கோடி மணலில் இரவு தங்க அனுமதி கிடையாது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். மேற்கே தேனி, கம்பம் வழியாகக் குமுளி சுமார் 140 கிலோமீட்டர். அங்கிருந்து இடுக்கிச் சாலைகளுக்குள் நுழைந்தால் வேன் அளவே பொருத்தம்.

மதுரையை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால், நம் குடும்பங்கள் போக விரும்பும் ஊர்களில் பாதி மலை மேல் இருக்கின்றன. இங்கே பெரிய மோட்டார்ஹோமைவிட உயரக்கூரை வேனுக்கே அதிக ஊர்கள் திறந்திருக்கின்றன.

ஆர்.சி. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது?

பழைய வேன் ஒன்றை மலிவாக வாங்கி, தச்சரை வைத்துக் கட்டில் அடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை விருப்பம்போல் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. இருக்கையை மடக்கி அதன் மேல் மெத்தை போடுவது வேறு. கூரையை உயர்த்துவது, பக்கவாட்டில் வெட்டி ஜன்னல் வைப்பது, இருக்கை எண்ணிக்கையை மாற்றுவது வேறு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டுவது ஆர்.சி. புத்தகத்தைத்தான். மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, மாற்றிய பிறகு ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். அல்லது, மோட்டார் கேரவனுக்கான தர விதிப்படி ஒப்புதல் பெற்றவரிடமே வாங்குங்கள்.

சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை மத்திய அரசின் 2004 அறிவிக்கை போக்குவரத்து அல்லாத வாகனமாகவே கணக்கிடுகிறது. வாடகைக்கு விட்டால் கதை மாறும். பர்மிட், எஃப்.சி. எல்லாம் வரும். லைசென்ஸைப் பொறுத்தவரை, இலகுரக வாகன (எல்.எம்.வி.) உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையுள்ள போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏறிய பிறகு உங்கள் வண்டியின் மொத்த எடை அந்தக் கோட்டுக்குள் நிற்குமா என்று பாருங்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

முப்பது லட்சம் ரூபாய் வண்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 15 இரவு அதில் தூங்குகிறீர்கள். பத்து வருடத்தில் 150 இரவு. டீசல், இன்சூரன்ஸ், டயர் எதையும் சேர்க்காமலே ஓர் இரவுக்கு 20,000 ரூபாய். கடைசியில் வண்டியை விற்றால் ஒரு பகுதி திரும்ப வரும் என்றாலும், அந்த விலைக்கு நல்ல ஹோட்டல் அறைகள் இரண்டு மூன்று எடுக்கலாம். வருடத்துக்கு 60 இரவு தூங்குபவருக்கு அதே வண்டி ஓர் இரவுக்கு 5,000 ரூபாயாகிவிடுகிறது. ஆகவே, வேலையில் இருப்பவர்கள் வாடகைக்கு எடுங்கள். பணி ஓய்வு பெற்று, உடம்பும் மனசும் ஒத்துழைப்பவர்கள் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

எனக்குச் சொல்லத் தோன்றுவது

* இரண்டு பேர், இளம் வயது, மலை விருப்பம்: கூரைக் கூடாரம் அல்லது ஈகோ போன்ற சிறிய வேன்.
* கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள்: உயரக்கூரை டிராவலர் வேன். சமையல் வெளியே, படுக்கை உள்ளே.
* முதியவர்களோடு கூட்டுக் குடும்பம்: கழிப்பறையுள்ள மோட்டார்ஹோம், ஓட்டுநரோடு வாடகைக்கு. சமவெளிப் பாதை, மின் இணைப்புள்ள தங்குமிடம்.
* சொந்தத் தோப்போ நிலமோ உள்ளவர்கள்: இழுவை வீடு. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதற்கு அதுவே சிக்கனம்.

எதை வாங்குவதற்கு முன்பும் அதே வகை வண்டியை இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுங்கள். ஒரு இரவு சமவெளியில், ஒரு இரவு மலையில். மறுநாள் காலை எது உங்களை எரிச்சல்படுத்தியது என்று குடும்பத்தில் ஒவ்வொருவரையும் கேளுங்கள். புழுக்கமா, கழிப்பறையா, முதுகுவலியா? அந்தப் பதிலே உங்கள் வண்டியின் வகையைச் சொல்லும்.

அரசு கட்ட வேண்டிய மண்டகப்படி

கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தபோது, வண்டியோடு சேர்த்துக் கேரவன் பூங்காவையும் திட்டமிட்டது. முதல் பூங்கா வாகமண்ணில் அமைந்தது. நமக்கு வேண்டியதும் அதுதான். அழகர்கோவில் சாலையில் ஒன்று, ராமேசுவரம் சாலையில் ஒன்று, வைகை அணைப் பக்கம் ஒன்று. நிழல், பிளக் பாயின்ட், தண்ணீர்க் குழாய், பெண்கள் பயமில்லாமல் தூங்க ஒரு காவலாள், கழிவுநீரைக் கொட்ட ஒரு தொட்டி. இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை.

கடைசியாகச் சொன்ன தொட்டிதான் எனக்கு முக்கியம். சக்கர வீட்டின் கழிப்பறைப் பெட்டி இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். கொட்ட இடமில்லாவிட்டால் இருட்டில் ஓடையிலோ கண்மாயிலோ போய்ச் சேரும். ஏற்கெனவே சாக்கடை சுமக்கும் வைகைக்கு இன்னொரு சுமையை நம் உல்லாசம் கொடுக்கக் கூடாது. தொட்டி வரும் வரை, தங்கும் விடுதியின் கழிப்பறையில் கேட்டுக் கொட்டுங்கள். அந்த வெட்கம் கொஞ்ச நேரம்தான்.

பாட்டி கதையின் முடிவில் எப்போதும் ஒன்றைச் சொல்வார். ஊருக்குத் திரும்பும் நாளில் மாட்டைப் பூட்டும் முன், அவருடைய அப்பா ஊற்றை மணல் போட்டுத் தூர்ப்பாராம், இருட்டில் யாரும் கால் வைத்துவிடக் கூடாதென்று. அடுப்புக் கற்கள் மூன்றையும் அப்படியே விட்டுவிடுவாராம், அடுத்து வரும் வண்டிக்கு ஆகட்டும் என்று.